பிறகு நினைவூட்டு

அப்பாவை மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். மறுநாள் காலை ஆறரை மணிக்கு அம்மாவுக்குப் போன் அடித்தேன். காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு ஏழே கால் பஸ்ஸில் ஏறச் சொல்ல வேண்டும். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். மூன்றாவது முறை, நான்காவது முறை. மணி போகிறது, எடுக்க ஆளில்லை. ஊரில் தனியாக இருக்கும் அறுபத்தெட்டு வயதுப் பெண் காலையில் போனை எடுக்கவில்லை என்றால் மகனுக்கு என்னவெல்லாம் தோன்றும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு அத்தையை எழுப்பி, போய்ப் பார்க்கச் சொன்னேன்.

அம்மா நடுவீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அது அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. எடுக்கத் தெரியவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக போன் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டுவிட்டது. நேற்று வரை பச்சை வட்டத்தை மேலே தள்ளினால் அழைப்பை எடுக்கலாம். இன்று பக்கவாட்டில் தள்ள வேண்டும்.

“ஏய்யா, நேத்து வரைக்கும் மேல தள்ளுனா எடுத்துச்சு. இன்னைக்கு எம்புட்டுத் தள்ளுனாலும் அடிச்சிக்கிட்டே இருக்கு. நான் எதையும் அமுக்கலய்யா.”

பஸ் போய்விட்டது. அட்டை இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது. அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது நன்றாக இருக்கிறார், திண்ணையில் உட்கார்ந்து அதே போனில் யூடியூப் பார்க்கிறார். ஆனால் அம்மா சொன்ன கடைசி வாக்கியம் எனக்குள் தங்கிவிட்டது. நான் எதையும் அமுக்கல. தவறு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று அவளே முடிவுகட்டி, அதற்கு முன்கூட்டியே சமாதானமும் சொல்கிறாள். காசு கொடுத்து வாங்கிய பொருளை வேறு யாரோ ராத்திரியில் வந்து மாற்றிவைத்துவிட்டுப் போகலாம் என்ற வழக்கம் எப்போது வந்தது? அதற்கு நாம் எப்போது சம்மதித்தோம்? இந்தக் கேள்வியோடு கொஞ்ச நாள் அலைந்தேன். இந்தக் கட்டுரை அந்த அலைச்சலின் கணக்கு.

முதலில் எனக்கே சங்கடமான ஒரு உண்மை. தானாக வரும் அப்டேட் பிறந்தது நம்மை வஞ்சிக்க அல்ல. நாம் சொன்ன பேச்சைக் கேட்காததால்தான் பிறந்தது.

2003 ஆகஸ்ட். நான் பள்ளி மாணவன். ஊரில் ஒரு பிரவுசிங் சென்டர், மர்மமான திரைச்சீலைகள் போட்ட ஏழு தடுப்பறைகள். அந்த வாரம் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் ஒரு பெட்டி வந்து அறுபது, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு என்று எண்ணத் தொடங்கும். பூஜ்யம் வந்ததும் கணினி அணைந்துவிடும். கடைக்கார அண்ணன், “வைரஸுப்பா, ஒயரப் புடுங்கிட்டு ஆன் பண்ணு” என்பார். அது பிளாஸ்டர் என்ற புழு என்று பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டை வழியாக அது நுழைந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஜூலை 16-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. புழு கிளம்பியது ஆகஸ்ட் 11. நடுவில் இருபத்தாறு நாட்கள். உலகம் முழுக்க லட்சக்கணக்கான கணினிகளில் அந்தத் திருத்தத்தை யாரும் போட்டிருக்கவில்லை. எங்கள் கடைக்கார அண்ணனும்தான்.

இந்தப் புழுவின் குறி எது தெரியுமா? அந்தத் திருத்தங்களை வழங்கும் விண்டோஸ் அப்டேட்டின் முகவரியேதான். ஆகஸ்ட் 16 முதல், தொற்றிய கணினிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அந்த முகவரியை முட்டி மோதும்படி அது எழுதப்பட்டிருந்தது. மைக்ரோசாஃப்ட் அந்த முகவரியையே கைவிட்டுத் தப்பித்தது. புழுவின் வயிற்றுக்குள் பில் கேட்ஸைத் திட்டி ஒரு குறிப்பும் இருந்தது: காசு சேர்ப்பதை விட்டுவிட்டு மென்பொருளைச் சரிசெய் என்று. வைரஸ் எழுதியவனின் குரலும் ஒரு நுகர்வோரின் எரிச்சலாகவே இருந்தது.

அதுவரை அப்டேட் என்பது கடைக்குப் போய் வாங்குவதுபோல ஒரு காரியம். விண்டோஸ் 98-இல் அதற்கென்று ஓர் இணையப் பக்கம் வந்தது; வேண்டுமானால் போய் எடுத்துக்கொள்ளலாம். 2000-இல் வந்த விண்டோஸ் எம்இ-யில்தான் தானாக இறக்கிக்கொள்ளும் வசதி முதலில் சேர்ந்தது. அப்போதும் அது வசதிதான், விதி அல்ல. பிளாஸ்டருக்குப் பிறகு காட்சி மாறியது. 2003 அக்டோபரிலிருந்து மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை திருத்தங்கள் வெளியிடும் வழக்கம் வந்தது. 2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்பி-யின் இரண்டாம் சர்வீஸ் பேக், தானியங்கி அப்டேட்டை ஆன் செய்துவைக்கும்படி பயனரைப் பிடித்து உலுக்கியது. அணைத்து வைத்தால் மூலையில் சிவப்புக் கேடயம் ஒன்று முறைத்துக்கொண்டே இருக்கும். 2008 செப்டம்பரில் கூகுளின் குரோம் வந்தபோது அந்தக் கேள்விகூட இல்லை. அது பின்னணியில், சத்தமில்லாமல், தன்னை மாற்றிக்கொண்டது. பாதுகாப்பு வல்லுநர்கள் மெச்சினார்கள். நியாயம்தான், பூட்டை மாற்றுவதற்கு வீட்டுக்காரர் தூங்கி எழும்வரை காத்திருந்தால் திருடன் வந்துவிடுவான்.

ஆனால் பூட்டை மாற்ற வந்தவர் கையோடு சமையலறையையும் இடம் மாற்றிவிட்டுப் போனால்?

கைபேசியின் கதை இங்கேதான் தொடங்குகிறது. முதல் ஐபோன் 2007 ஜூன் 29-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது, ஏடி&டி என்ற ஒரே நிறுவனத்தின் இணைப்போடு. அந்தப் பூட்டை இரண்டே மாதங்களில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற பதினேழு வயதுப் பையன் உடைத்துக்காட்டினான். வேறு பலரும் மென்பொருள் வழியில் உடைத்தார்கள். செப்டம்பர் 24-ஆம் தேதி ஆப்பிள் ஓர் அறிக்கை விட்டது: பூட்டு உடைக்கப்பட்ட போன்களில் அடுத்த அப்டேட்டைப் போட்டால் போன் நிரந்தரமாகச் செயலிழக்கலாம். மூன்று நாள் கழித்து 1.1.1 வந்தது. போட்டவர்களில் பலருடைய போன் சொன்னபடியே செங்கல் ஆனது. அந்தக் காலத்தில் அப்டேட் செய்ய போனைக் கணினியில் செருகி ஐடியூன்ஸைத் திறக்க வேண்டும். ஆக, தன் கையாலேயே தன் போனைக் கொன்றார்கள். 2011 அக்டோபரில் ஐஓஎஸ் 5 வந்ததும் ஒயரும் போயிற்று. காற்றிலேயே வரும்.

காற்றில் வருவது காற்றிலேயே எடுத்துக்கொண்டும் போகலாம் என்பதை அதற்கு முன்பே அமேசான் காட்டியிருந்தது. 2009 ஜூலையில், விற்றவருக்குப் பதிப்புரிமை இல்லை என்று தெரிந்ததும், காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்து இரண்டு புத்தகங்களை அது தொலைவிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. புத்தகங்கள்: ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’. கதையில் இப்படி எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார், ரொம்பச் செயற்கையாக இருக்கிறது என்று. ஜெஃப் பெசோஸ் பிறகு மன்னிப்புக் கேட்டார்.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்த கதை.

2016-இல் ஐபோன் 6, 6எஸ் வைத்திருந்தவர்களுக்கு ஒரு பிரச்சினை. பேட்டரியில் முப்பது சதவீதம் மிச்சம் இருக்கும், போன் சட்டென்று அணைந்துவிடும். நவம்பரில் ஆப்பிள் ஒரு பகுதி 6எஸ் போன்களுக்கு மட்டும் இலவசமாக பேட்டரி மாற்றித் தருவதாக அறிவித்தது. 2017 ஜனவரி 23-இல் ஐஓஎஸ் 10.2.1 வெளியானது. வழக்கமான திருத்தங்கள் என்பதுதான் குறிப்பின் சாரம். அடுத்த மாதம், திடீர் அணைப்புகள் 6எஸ்-இல் எண்பது சதவீதத்துக்கு மேலும் 6-இல் எழுபது சதவீதத்துக்கு மேலும் குறைந்துவிட்டதாக ஆப்பிள் சொன்னது. எப்படிக் குறைந்தது என்று சொல்லவில்லை.

எப்படி என்பது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. கிராமத்தில் பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டதும் வீட்டு பல்பு ஒரு நொடி மங்கும், பார்த்திருப்பீர்கள். லித்தியம் அயனி பேட்டரிக்கும் வயதாக ஆக உள்தடை கூடும். போனின் பிராசசர் திடீரென்று நிறைய மின்சாரம் கேட்டால் பேட்டரியின் வோல்டேஜ் சரியும். ஒரு எல்லைக்குக் கீழே போனால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். எனவே, பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று தெரிந்தால் பிராசசரை நிறையக் கேட்காதபடி கட்டிப்போடு. மெதுவாக ஓடட்டும், நிற்காமல் ஓடட்டும். பொறியியல் கணக்கில் இது நேர்மையான தீர்வு. கிழட்டு மாட்டுக்குச் சுமையைக் குறைப்பதுபோல.

பிரச்சினை, மாட்டுக்காரனிடம் சொல்லவில்லை.

பதினோரு மாதங்கள் யாருக்கும் தெரியாது. லட்சக்கணக்கானவர்கள் தங்கள் போன் மந்தமாகிவிட்டதைப் பார்த்து, பழசாகிவிட்டது, புதுசு வாங்க வேண்டியதுதான் என்று நினைத்தார்கள். உள்ளே இருப்பது மலிவாக மாற்றக்கூடிய ஒரு பேட்டரிதான் என்று தெரிந்திருந்தால் எத்தனை பேர் புதுப் போன் வாங்கியிருப்பார்கள்? 2017 டிசம்பரில் ரெடிட்டில் ஒருவர், தன் 6எஸ்-இல் பேட்டரியை மாற்றியதும் வேகம் திரும்பிவிட்டதாக எண்களோடு எழுதினார். அதைப் பார்த்த ஜான் பூல் தன்னிடம் இருந்த தரவுகளைத் திறந்தார். அவர் ஐபோன்களின் வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் செயலியை உருவாக்கிய டொரன்டோக்காரர். ஆயிரக்கணக்கான பயனர்களின் அளவீடுகள் அவரிடம் ஏற்கெனவே குவிந்து கிடந்தன. டிசம்பர் 18-இல் அவர் வெளியிட்ட வரைபடங்கள் எனக்கு மிகவும் பிடித்தமானவை. ஐஓஎஸ் 10.2-இல் 6எஸ் போன்களின் வேகம் ஒரே இடத்தில் ஒற்றை மலையாகக் குவிந்திருக்கிறது. 10.2.1-இல் அந்த மலையின் இடப்பக்கம் சின்னச் சின்னக் குன்றுகள் முளைக்கின்றன. 11.2-இல் அந்தக் குன்றுகள் இன்னும் தெளிவாகின்றன. மூப்பினால் வரும் தளர்ச்சி என்றால் சரிவாகப் பரவியிருக்க வேண்டும். குன்று குன்றாக நின்றால், யாரோ படி வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

இரண்டே நாளில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. டிசம்பர் 28-இல் மன்னிப்புக் கடிதம்; பேட்டரி மாற்றும் கட்டணம் 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைந்தது. 2018 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 11.3-இல் பேட்டரியின் உடல்நிலையைக் காட்டும் பக்கமும், அந்த வேகக் கட்டுப்பாட்டை அணைக்கும் வழியும் சேர்ந்தன. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 2019 ஜனவரி 2-ஆம் தேதி டிம் குக் முதலீட்டாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் காலாண்டு வருமானம் எதிர்பார்த்ததைவிடக் குறையும் என்பதற்குச் சீனப் பொருளாதாரம் உள்பட பல காரணங்கள். அவற்றில் ஒன்றாக, மக்கள் மலிவாகக் கிடைத்த பேட்டரி மாற்றத்தைப் பயன்படுத்திக்கொண்டதையும் குறிப்பிட்டார். மேலே நான் கேட்ட கேள்விக்கு நிறுவனத்தின் கைப்படவே கிடைத்த பதில் இது. எத்தனை பேர் என்று எண் இல்லை. ஆனால் முதலீட்டாளருக்குச் சொல்லும் அளவுக்கு.

அமெரிக்காவில் வழக்குகள் நடந்தன. 2020 மார்ச்சில் 50 கோடி டாலர் வரை தருவதாக ஒரு சமரசம், அதே ஆண்டு நவம்பரில் மாகாணங்களோடு 11.3 கோடி டாலருக்கு இன்னொன்று. தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலே. இத்தாலியின் போட்டி ஆணையம் 2018 அக்டோபரில் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோ, சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ அபராதம் போட்டது. சாம்சங்கின் குற்றம் வேறு வகை: கேலக்ஸி நோட் 4 வைத்திருந்தவர்களிடம், புதிய போனுக்காக உருவாக்கப்பட்ட அப்டேட்டைப் போடச் சொல்லி வற்புறுத்தியது, பிறகு அதனால் வந்த கோளாறுகளுக்கு அதிகக் கட்டணம் கேட்டது.

எனக்கு முக்கியமாகப் படுவது பிரான்சின் தீர்ப்பு. அங்கே 2015 முதல், பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைப்பது சட்டப்படி குற்றம். அதை வைத்து ஒரு நுகர்வோர் அமைப்பு புகார் கொடுத்தது. 2020 பிப்ரவரியில் ஆப்பிள் 2.5 கோடி யூரோ கட்ட ஒப்புக்கொண்டது. ஆனால் அதிகாரிகள் பிடித்தது ஆயுள் குறைப்பை அல்ல. அப்டேட் போட்டால் போன் மெதுவாகலாம் என்று சொல்லவில்லை. போட்ட பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்பவும் வழியில்லை. குற்றம், சொல்லாமல் விட்டது. திரும்ப முடியாது என்பது வெறும் அசட்டை அல்ல, திட்டமிட்ட அமைப்பு. ஐபோனில் எந்த வடிவத்தை நிறுவினாலும் அதற்கு ஆப்பிளின் சர்வர் கையொப்பம் போட வேண்டும். புதியது வந்து சில நாட்களோ வாரங்களோ ஆனதும் பழையதற்குக் கையொப்பம் போடுவதை நிறுத்திவிடுவார்கள். பாதுகாப்புக்காக என்பது காரணம், அதுவும் பொய்யில்லை. கதவுக்கு உள்ளே வரும் வழி மட்டும்தான்.

இவ்வளவும் படித்துவிட்டு, அம்மா போனில் எல்லா அப்டேட்டையும் அணைத்துவிடலாம் என்று கிளம்பினேன். கை வரவில்லை. காரணம், 2017 மே 12. வான்னாக்ரை என்ற பிணைத்தொகை வைரஸ் அன்று கிளம்பி, இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளை நிலைகுலைய வைத்தது. அறுவைச் சிகிச்சைகள் ரத்தாயின, ஆம்புலன்ஸ்கள் வேறு ஊருக்குத் திருப்பப்பட்டன. அந்த ஓட்டைக்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பு, மார்ச் மாதமே வந்துவிட்டது. பிளாஸ்டர் கதையேதான். பதினான்கு வருஷத்தில் நாம் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

இன்னொரு நினைவும் உண்டு. 2018 பிப்ரவரியில், ஒரே ஒரு தெலுங்கு எழுத்து வந்தால் ஐபோனின் செயலிகள் நொறுங்கி விழுந்தன. குறுஞ்செய்தியில் யாராவது அதை அனுப்பினால் போதும், அந்தச் செயலி திறக்காது. எழுத்து எது என்றால், தெலுங்கில் ‘ஞானம்’ என்ற சொல்லின் முதல் எழுத்துக்கூட்டு, நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியோடு. உலகின் விலையுயர்ந்த போனால் ஞானத்தின் முதலெழுத்தைத் தாங்க முடியவில்லை என்று அப்போது சிரித்தோம். 19-ஆம் தேதி 11.2.6 வந்து சரியாயிற்று. தமிழுக்கும் அப்டேட் செய்தது கொஞ்சமல்ல. பழைய ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்ததும், கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாகப் பிரிந்து நின்றதும் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். இந்தக் கட்டுரையை நீங்கள் போனில் படிக்க முடிவதே யாரோ அனுப்பிய அப்டேட்டுகளின் புண்ணியம்.

ஆனால் யாரோ. அந்தச் சொல்தான் உறுத்துகிறது. 2018 ஆகஸ்டில் இந்தியாவில் பலர் தங்கள் தொடர்புப் பட்டியலில் ஆதார் ஆணையத்தின் பழைய உதவி எண் இருப்பதைக் கண்டார்கள். யாரும் பதிந்துவைக்கவில்லை. நாங்கள் யாரையும் சேர்க்கச் சொல்லவில்லை என்றது ஆணையம். பிறகு கூகுள் ஒப்புக்கொண்டது: 2014-இல் இந்தியத் தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்த ஆண்ட்ராய்டில் தவறுதலாக அந்த எண் சேர்ந்துவிட்டதாம், பிறகு போன் மாற மாற அதுவும் கூடவே மாறி வந்ததாம். ஆபத்தில்லாத எண்தான். ஆனால் நாலு வருஷம் நம் பையில் இருந்ததை நாம் பார்க்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் தொலைத்தொடர்புத் துறை, சஞ்சார் சாத்தி செயலியைப் புதுப் போன்களில் முன்கூட்டியே பதிக்க வேண்டும், ஏற்கெனவே தயாரான போன்களுக்கு அப்டேட் வழியாக அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டது. எதிர்ப்பு வந்து ஒரு வாரத்துக்குள் திரும்பப் பெற்றார்கள். பாதை ஒன்று இருந்தால் அதில் யாரும் நடக்க ஆசைப்படுவார்கள்.

இந்த வரலாற்றில் யார் சரி என்று என்னால் இன்றுவரை தீர்மானிக்க முடியாத ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன். 2016-இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்தது. போன்களைத் திரும்ப அழைத்தார்கள். சிலர் கொடுக்கவில்லை. டிசம்பரில் அமெரிக்காவில், இனி சார்ஜே ஏறாதபடி ஒரு அப்டேட்டை அனுப்பி அந்த போன்களைக் கொன்றுவிட சாம்சங் முடிவு செய்தது. வெரைசான் நிறுவனம் அதை உடனே அனுப்ப மறுத்தது. காரணம், விடுமுறைக் காலம். வேறு போன் இல்லாமல் பயணத்தில் இருக்கும் ஒருவர் அவசரத்துக்கு யாரையும் கூப்பிட முடியாமல் போனால்? ஜனவரியில்தான் இணங்கியது. பையில் எரியக்கூடிய போன் ஒரு பக்கம், நடுவழியில் செத்துப்போன போன் ஒரு பக்கம். வெரைசானின் தயக்கத்தைப் படித்தபோது எனக்கு ஏழே கால் பஸ் ஞாபகம் வந்தது. அந்தப் பக்கம் இருக்கும் ஆள் இப்போது என்ன நிலையில் இருப்பார் என்று அப்டேட்டை அனுப்புமுன் யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அம்மாவுக்கும் எனக்கும் ஒரு உடன்படிக்கை ஆயிற்று. ராத்திரியில் தானாக நிறுவிக்கொள்வதை அணைத்துவிட்டேன். பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் போட்டுவிட்டு மற்றதை விடலாம் என்று அமைப்புகளில் தேடினேன். அவள் போனில் இரண்டும் ஒரே மூட்டையாகத்தான் வருகிறது. எனவே நான் வரும்போது போடுவது, போட்டதும் பக்கத்தில் உட்கார்ந்து எது எங்கே போயிருக்கிறது என்று இருவருமாகத் தேடுவது என்று பேச்சு. ஒரு பழைய நாட்குறிப்பில் அவளே படம் வரைந்து வைத்திருக்கிறாள்: ஒரு வட்டம், அதிலிருந்து வலப்பக்கம் ஒரு அம்புக்குறி, கீழே ‘எடுக்க’. முந்தைய பக்கத்தில் அதே வட்டம், மேல்நோக்கி அம்புக்குறி. அதை ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறாள்.

ஒரே சிக்கல், கேஸ் புக் பண்ணும் செயலி. புது வடிவம் போட்டால்தான் திறப்பேன் என்று போன மாதம் அடம்பிடித்ததாம். மற்றபடி தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குத் திரையில் அந்தப் பெட்டி வருகிறது. இப்போது நிறுவு, பிறகு நினைவூட்டு. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டாவதை அமுக்குகிறாள். அமுக்கியதும் எனக்குப் போன் செய்கிறாள்.

“இன்னைக்கும் கேட்டுச்சுய்யா. பொறவுன்னுட்டேன்.”